நாலு மூட்டை தாங்கும் கயிறு

மானத்துக்கு விலை கிடையாது என்று சொல்கிறவர்கள் மதுரங்குளிச் சந்தியில் ஒரு நாள் கடை வைத்துப் பார்க்கவேண்டும். ஸுல்பிகாவின் மானத்துக்கு அங்கே பட்டப்பகலில், சனத்துக்கு நடுவில் விலை போட்டாயிற்று: நாலு மூட்டை உப்பு.

விலையைச் சொன்னதும் அவள்தான். வினையே அதுதான்.

இப்போது அவள் தன் வீட்டு முற்றத்து வேப்பமரத்தின் கீழ், அறுந்த கயிற்றின் ஒரு நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். மறு நுனி கொப்பில் ஆடிக்கொண்டிருந்தது. தரையில், மீன் வலைக்குள், இருபது லீற்றர் தண்ணீர்க் கேன்கள் பத்து ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து கிடந்தன. அவற்றில் இரண்டு வெடித்து, பக்கத்தில் நின்ற அவள் புருஷன் மஸாஹிரை இடுப்புக்குக் கீழே குளிப்பாட்டியிருந்தன.

"ஒன்பது கேன் வரைக்கும் நல்லாத்தானே நிண்டது," என்றான் மஸாஹிர், சாரத்தைப் பிழிந்தபடி.

"ஒன்பது கேன் எண்டா நூத்தியெம்பது கிலோ. நான் சொன்னது இருநூறு."

"நூத்தியெம்பது எண்டு சொல்லியிருக்கலாமே."

"நான் எங்க கிலோவில சொன்னன்? 'உங்கட உப்பு மூட்டை நாலைத் தூக்கிக் காட்டுறன்' எண்டுதான் சொன்னன். ஒரு மூட்டை அம்பது கிலோ எண்டு ஊருக்கே தெரியும்."

"மூணு எண்டு சொல்லியிருக்கலாம்."

"அந்த மனுஷன்ட மூஞ்சியைப் பாத்துக்கொண்டு மூணு எண்டு சொல்ல வாய் வரல்ல."

அந்த மனுஷன் பதியுதீன் ஹாஜியார். சந்தியில் அவருக்கு இரண்டு வாசல் வைத்த கடை. ஒரு வாசலில் ஹார்ட்வெயார் சாமான், மற்ற வாசலில் மொத்த உப்பு. இரண்டுக்கும் நடுவே ஒரு கதிரை. கதிரையில் அவர். கண்ணுக்கு எதிரே நீலமும் பச்சையுமாக நைலோன் கயிற்றுச் சுருள்கள் கல்யாண வீட்டுச் சோடனை மாதிரித் தொங்கும்.

திங்கட்கிழமை அங்கே பேதுரு வந்திருந்தார். பள்ளிவாசல்துறைப் பக்கத்து மீனவர் சங்கத்துக்குத் தலைவர். சங்கத்து வள்ளங்களையெல்லாம் கட்டிவைக்கக் கயிறு வேண்டும் என்று கேட்டு வந்தவர். அது தெரிந்துதான் ஸுல்பிகாவும் தேங்காய்த் தும்பில் தான் திரித்த கயிற்றில் ஒரு சுருளைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். ஹாஜியார் அந்தச் சுருளை, செத்த எலியின் வாலைத் தூக்குவதுபோல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார்.

"தும்புக் கயிறு மாடு கட்ட. வள்ளம் கட்ட நைலோன். பேதுரு, இதால கட்டிப்போட்டு நீ படுத்தா, விடியக்க உன்ட வள்ளம் கற்பிட்டியில நிக்கும்."

பேதுரு சிரித்தார். அதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு ஹாஜியார் இரக்கப்பட்டார். அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

"வந்த ஆக்கள்ட புள்ளயள். பாவம். எதையாவது செஞ்சு பிழைக்கப் பாக்குதுகள்."

ஸுல்பிகாவின் வாப்பா தொண்ணூறாம் ஆண்டு மன்னாரிலிருந்து விரட்டப்பட்டு, ஒரு பையோடு வந்தவர்தான். ஆனால் ஸுல்பிகா பிறந்தது புத்தளத்தில், படித்தது புத்தளத்தில், கல்யாணம் முடித்தது புத்தளத்தில். அவள் காலை நனைத்த ஒரே தண்ணீர் இந்தக் களப்பின் உப்புத் தண்ணீர். முப்பது வருஷத்துக்கு மேலாகியும் ஹாஜியாரின் கணக்கில் அவள் இன்னும் பஸ்ஸிலிருந்து இறங்கி முடியவில்லை.

"ஹாஜியார்," என்றாள், "இந்தக் கயித்தில உங்கட உப்பு மூட்டை நாலைத் தூக்கிக் காட்டுறன். அறுந்தா, தும்பு ஊறப்போடுற கொஸ்டிக் பீப்பாயைக் கவிட்டு வெச்சிட்டு உங்கட கடையில நிண்டு நைலோன் வெட்டி விக்கிறன். அறாட்டி, உங்கட நைலோன் பின்னுக்குப் போகவேணும். என்ட கயிறு முன்னுக்குத் தொங்கவேணும்."

கடையில் நின்றவர்கள் சாமான் வாங்குவதை நிறுத்திக்கொண்டார்கள்.

"ஆர் வெல்றாங்களோ அவங்கட்ட நான் எடுக்கிறன்," என்றார் பேதுரு. அவருக்கு இதில் நட்டம் ஒன்றுமில்லை.

"வெள்ளிக்கிழமை," என்றார் ஹாஜியார். "ஜும்ஆ முடிஞ்ச கையோட. சனம் நிக்கும்."

அவருக்குச் சனம் நிற்கவேண்டும்.

ஸுல்பிகா வெறும் வாயை வைத்துக்கொண்டு பேசவில்லை. சிலாபத்தில் ஒரு பயிற்சி வகுப்புக்குப் போய் முறையாகப் படித்தவள். தும்பின் மேலே மெழுகு மாதிரி ஒரு தோல் இருக்கிறது. அந்த வழுக்கலால்தான் திரித்த கயிற்றில் இழைகள் ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவுகின்றன. தும்பை அளவான கொஸ்டிக் சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டால் அந்தத் தோலை அது தின்றுவிடும். பிறகு நன்றாகக் கழுவி, மிச்சமிருக்கும் காரம் சாக, அச்சாறுக்குப் போடும் வினாகிரித் தண்ணீரில் ஒருமுறை முக்கி, நிழலில் உலர்த்தித் திரித்தால் இழைகள் சொரசொரத்து ஒன்றோடொன்று இறுகிக்கொள்ளும். சும்மா திரித்த கயிறு எட்டாவது கேனில் அறுந்தது. ஊறப்போட்டுத் திரித்தது பத்தாவது கேனில்தான் அறுந்தது. அது பெரிய சங்கதி. ஆனால் வாய் பத்து என்று சொன்ன பிறகு ஒன்பதுக்கு ஒரு மரியாதையும் இல்லை.

"கொஸ்டிக்கைக் கூட்டினா என்ன?" என்றான் மஸாஹிர். அவன் ஓட்டோ ஓட்டுகிறவன். வேகம் போதவில்லையென்றால் முறுக்கு என்பதுதான் அவனுக்குத் தெரிந்த இயந்திர ஞானம்.

ஸுல்பிகாவுக்கு அது சரியில்லை என்று தெரியும். ஆனாலும் தோல்வி பக்கத்தில் வந்து நிற்கும்போது மனிதருக்குத் தெரிந்ததெல்லாம் மறந்துவிடுகிறது. கொஸ்டிக்கை இரண்டு மடங்காக்கினாள்.

தும்பு கறுத்துப்போய் வெளியே வந்தது. கையில் எடுத்தால் பப்படம் போல ஒடிந்தது. திரித்துத் தொங்கவிட்டால் எட்டாவது கேனிலேயே அறுந்தது. அதோடு, அந்தத் தும்பு காய்ந்த அதே கொடியில் மஸாஹிர் தன் பெருநாள் சாரத்தையும் காயப்போட்டிருந்தான். மறுநாள் அதை உடுத்துக்கொண்டு சந்திக்குப் போனவனை ஆட்கள் பின்னாலிருந்து கூப்பிட்டு, ஜன்னல் திறந்திருப்பதாகச் சொன்னார்கள்.

"உடுப்பையே தின்னுது உன்ட மருந்து. தும்பைத் தின்னாம விடுமா?"

"காரம் சாகல்ல. வினாகிரி போதல்ல," என்றாள் ஸுல்பிகா.

வினாகிரி வாங்கினாள். சந்தியில் எத்தனை கடை உண்டோ அத்தனையிலும் இருந்த போத்தல்களை எல்லாம் மஸாஹிரின் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். பீப்பாய் பீப்பாயாகக் கரைத்து ஊற்றியதும் அந்த மணம் தெருவைத் தாண்டி, பள்ளிவாசலைத் தாண்டி, பஸ் தரிப்பிடம் வரைக்கும் போயிற்று.

அன்று அஸர் தொழுகைக்குள் ஏழு பேர் வந்து அச்சாறுக்கு ஓடர் கொடுத்தார்கள். ஒருவர் மாங்காய் போட்டதா என்று கேட்டார். இன்னொருவர் சின்ன வெங்காயம் கூடப் போடவேண்டும் என்று உத்தரவிட்டுவிட்டுப் போனார்.

"இது கயிறு," என்றாள் ஸுல்பிகா.

"ஓம், கயிறோ மிளகாயோ, உறைப்பு அளவாப் போடுங்க."

எட்டாவதாக வந்தது ஹாஜியாரின் மனைவி ஸுஹைரா மாமி. கையில் பெரிய போத்தல்.

"சந்தியில எல்லாக் கடையிலயும் வினாகிரி முடிஞ்சு போச்சாம். ஆர் வாங்கின எண்டு கேட்டன். நீயாம். அப்ப அச்சாறு நல்லாத்தான் இரிக்கும் எண்டு வந்தன்."

ஸுல்பிகா நடந்ததைச் சொன்னாள். சொல்லியிருக்கக் கூடாது, எதிராளியின் வீட்டு ஆள். ஆனால் மூன்று நாளாக இருந்த அழுகை, ஒரு பெண்பிள்ளை வெறும் போத்தலோடு வந்து நின்றதும் சிரிப்பாக வெளியே வந்துவிட்டது. ஸுஹைரா மாமியும் சேர்ந்து சிரித்தார்.

"அவரும் வீட்டில இதே கதைதான்," என்றார் மாமி. "சோத்தில கை வெச்சிக்கொண்டு, நாலு மூட்டை, நாலு மூட்டை எண்டு முணுமுணுக்கிறார். வெல்லப் போற மனுஷன் ஏன் இப்படி யோசிக்கிறார் எண்டு எனக்கு விளங்கல்ல."

வினாகிரியில் மிதமிஞ்சி ஊறிய தும்பு ஏழாவது கேனில் அறுந்தது.

"அவிச்சுப் பாப்பம்," என்றான் மஸாஹிர். "எதுவும் அவிச்சா உருப்படும்."

அவிக்கப் பெரிய பாத்திரம் வேண்டும். ஸுஹைரா மாமி வீட்டில் கந்தூரிக்குச் சோறாக்கும் கிடாரம் ஒன்று இருந்தது. நல்ல கனமான அலுமினியம். கேட்டதும் கொடுத்தார், கழுவித் தா என்று மட்டும் சொன்னார். கொஸ்டிக்குக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது என்று பயிற்சி வகுப்பில் ஒரு நாள் தெளிவாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அன்றைக்கு ஸுல்பிகா மகனுக்குக் காய்ச்சல் என்று போகவில்லை.

தும்பைக் கொஸ்டிக் தண்ணீரோடு அதில் போட்டு, அடுப்பு மூட்டிச் சற்று நேரத்தில் கிடாரம் கொதித்தது. பொங்கியது. மஸாஹிர் விறகை இழுத்தான். இழுத்த பிறகும் பொங்கியது. தண்ணீர் ஊற்றி நெருப்பை முழுக்க அணைத்தான். நெருப்பே இல்லாமல் கிடாரம் தன்பாட்டுக்குக் கொதித்துக்கொண்டிருந்தது. மஸாஹிர் ஆயத்துல் குர்ஸி ஓதத் தொடங்கினான். ஸுல்பிகாவும் அவனும் வேலிக்கு வெளியே போய் நின்று, சொந்த முற்றத்தைத் திருடர்கள் மாதிரி எட்டிப் பார்த்தார்கள்.

எல்லாம் அடங்கிய பிறகு தும்பை எடுத்தால் இடியப்பம். கிடாரத்தைத் தூக்கினால் அடியில் ரூபாய்க் காசு அளவில் ஒரு ஓட்டை. அதன் வழியாக முற்றம் நன்றாகத் தெரிந்தது.

"கேன் கட்டிப் பாப்பமா?" என்றான் மஸாஹிர்.

"வாயை மூடுங்க," என்றாள் ஸுல்பிகா.

வியாழக்கிழமை மத்தியானம் மிச்சமிருந்தது ஒன்றே ஒன்றுதான்: முதன்முதலில் அளவாக ஊறப்போட்ட தும்பில் திரித்த கயிற்றில் ஒரு துண்டு. ஒருமுறை தொங்கவிடத்தான் போதும். ஒன்பது கேன் தாங்கும். பத்தாவதில் அறும். அவளுக்குத் தெரியும், மஸாஹிருக்குத் தெரியும், வேப்பமரத்துக்கும் தெரியும்.

"உனக்கு வயித்துக் குத்து எண்டு சொல்லிட்டு வாறன்," என்றான் மஸாஹிர்.

"சொல்லுங்க. அடுத்த வெள்ளிக்கு என்ன குத்து எண்டும் இப்பவே யோசிச்சு வையுங்க."

"அப்ப மன்னிப்புக் கேப்பம். பெரிய மனுஷன்தானே. வயசுக்கு மரியாதை எண்டு சொல்லிட்டாப் போச்சு."

ஸுல்பிகா அந்தத் துண்டுக் கயிற்றைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டாள்.

"எங்கட வாப்பா ஒரு ஊரை விட்டிட்டு வந்தார். அது அவர்ட விருப்பமில்ல. இது என்ட வாயால சொன்னது. இதை விட்டிட்டு வர மாட்டன். அறுந்தா அறட்டும். எல்லாரும் பாக்க அறட்டும். ஒன்பது கேன் தாங்கின கயிறு எண்டு நைலோன் வெட்டிக்கொண்டே சொல்லுவன், வாறவன் போறவன் எல்லாருக்கும்."

மஸாஹிர் ஜன்னல் வைத்த சாரத்தை எடுத்துத் தைக்க உட்கார்ந்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சனம் பள்ளியிலிருந்து நேரே ஹாஜியாரின் கடை வாசலுக்கு வந்தது. கடைக்குப் பக்கத்துப் பூவரச மரத்தில் பேதுரு தன் கையாலேயே கயிற்றைக் கட்டி, கீழே வலையைக் கொழுவினார். நடுவர் அவர்தான். சட்டம் எளிது: நாலு மூட்டையும் ஏறிய பிறகு அவர் ஒரு பீடி பற்றவைப்பார். பீடி முடியும் மட்டும் கயிறு நிற்கவேண்டும்.

ஹாஜியார் வெள்ளை ஜுப்பாவில் வந்தார். ஒரு கை இடுப்பில் இருந்தது. தைல மணம் அவருக்கு முன்னால் வந்தது.

"என்ன ஹாஜியார், முதுகா?" என்று யாரோ கேட்டார்கள்.

"காத்துப் பிடிச்சிரிக்கு. வேலையைப் பாருங்க." கடை வாசலில் தனியாக அடுக்கியிருந்த நாலு மூட்டைகளைக் காட்டினார். "நாலும் ரெடி. றஸீன், தூக்கு."

றஸீன் அந்தக் கடையின் நாட்டாமை. மூட்டை தூக்குவதே தொழில். லொறி லொறியாக ஏற்றி இறக்கிய முதுகு. குனிந்து முதல் மூட்டையைப் பிடித்தான். வழக்கமான வீச்சில் தூக்கினான். மூட்டை பாதிவழியில் நின்றது. கீழே வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"ஹாஜியார், இதென்ன, உப்போட கல்லையும் போட்டுக் கட்டினீங்களா?"

சனத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. ஸுல்பிகாவின் காது நிமிர்ந்தது.

"என்ன சொன்னீங்க, றஸீன்?"

"பாரமா இரிக்கு, ராத்தா. நம்மட மூட்டை இப்படி இரிக்காது. இந்த நாலும் நான் கட்டினதும் இல்ல. காலையில வந்து பாக்கக்குள்ள கட்டி இரிந்திச்சு."

"ஆர் கட்டின?"

றஸீன் குனிந்து மூட்டையின் முடிச்சைத் தடவினான். எல்லாரும் ஹாஜியாரின் இடுப்பில் இருந்த கையைப் பார்த்தார்கள்.

"உப்பு நல்ல உப்பு," என்றார் ஹாஜியார். "கனமான உப்பு. கேள்வி என்னத்துக்கு? தூக்கு."

பேதுரு போய் ஒரு மூட்டையைத் தூக்கிப் பார்த்தார். கருவாடு போட மாதாமாதம் இதே கடையில் உப்பு வாங்குகிறவர்.

"ஓம். இது நாங்க வாங்குற மூட்டை இல்ல. கூட இரிக்கு."

ஸுல்பிகாவுக்கு நெஞ்சுக்குள் ஏதோ பற்றிக்கொண்டது. நாலு நாளாகத் தன் கயிற்றைச் சந்தேகித்து, தன் கையைச் சந்தேகித்து, தன் வாயைச் சபித்துக்கொண்டிருந்தவள். இந்த மனுஷன் அதுவும் போதாதென்று மூட்டையில் கூட்டிக் கட்டி வைத்திருக்கிறார்.

"தராசில வைப்பம்," என்றாள்.

"தராசு பழுது," என்றார் ஹாஜியார், அவள் சொல்லி முடிக்கும் முன்பே.

"நேத்து நான் ஆணி வாங்கக்குள்ள நல்லாத்தானே இரிந்திச்சு," என்றது சனத்தில் ஒரு குரல்.

"அது சின்னத் தராசு. பெரிசு பழுது. ராவு பழுதாப் போச்சு."

"ராவு கடை பூட்டித்தானே இரிந்திச்சு?"

ஹாஜியார் ஜுப்பாவின் கையால் நெற்றியைத் துடைத்தார். ஸுல்பிகா இரண்டடி முன்னுக்கு வந்தாள். இனிப் பின்னால் போக இடமில்லாதவர்களின் நடை அது.

"தராசு வேணாம், ஹாஜியார். கள்ள மூட்டையும் வேணாம். நான் என்ன சொன்னன்? 'உங்கட உப்பு மூட்டை நாலு' எண்டுதானே? நீங்க சனத்துக்கு விக்கிறீங்களே, அதுதான் உங்கட மூட்டை. உள்ளுக்கு அடுக்கிக் கிடக்கு. அதில நாலை நான் காட்டுறன், றஸீன் தூக்கட்டும்."

"அது... அது நாளைக்குச் சிலாபம் போற மூட்டை. ஓடர்."

"தூக்கி இறக்கினா உப்பு கரையுமா?" என்றார் பேதுரு.

"இதிலயே தூக்குவம், புள்ள," என்றார் ஹாஜியார். குரல் திடீரென்று நயமாகிவிட்டது. "நான் சொல்றன். இது நல்ல மூட்டை. சரியான மூட்டை."

"அப்ப உள்ளுக்கு இரிக்கிறது சரியான மூட்டை இல்லயா, ஹாஜியார்?"

வாசலில் நின்றவர்களில் பாதிப் பேர் அவரிடம் உப்பு வாங்குகிறவர்கள். மற்றப் பாதி, அவர்களிடம் வாங்குகிறவர்கள். எல்லாரும் அவர் வாயைப் பார்த்தார்கள்.

"அதுவும்... சரிதான்," என்றார் ஹாஜியார்.

"அம்பது கிலோதானே?"

அவர் இருமினார். "மூட்டையில அச்சடிச்சிருக்கே."

"பிறகென்ன," என்றாள் ஸுல்பிகா. உள்ளே போய், அடுக்கில் மேலே இரண்டு, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று என்று தொட்டுக் காட்டினாள். றஸீன் முதல் மூட்டையைத் தோளில் எறிந்துகொண்டு சீட்டியடித்தபடி வந்தான்.

"இதுதான் நம்மட மூட்டை. அம்பது கிலோ எண்டா என்ன எண்டு என்ட முதுகுக்குத் தெரியும்."

சனம் சிரித்தது. ஹாஜியார் சிரிக்கவில்லை. போய்க் கதிரையில் உட்கார்ந்தார்.

ஒன்று ஏறியது. கயிறு மெல்ல நீண்டது. இரண்டு ஏறியது. கொப்பு அசைந்தது. மூன்றாவது ஏறியதும் முறுக்குக்குள்ளிருந்து பொடித் தூசு உதிர்ந்தது. ஸுல்பிகா கண்ணை மூடவில்லை. மூடினால் தோற்றதாக ஆகிவிடும் என்று திறந்தே வைத்திருந்தாள். மஸாஹிர் அவளுக்கும் சேர்த்து மூடிக்கொண்டான்.

நாலாவது மூட்டை ஏறியது. கயிறு கிறீச்சென்று ஒரு சத்தம் போட்டது. ஒரு இழை தெறித்தது. இன்னொரு இழை தெறித்தது. பிறகு கயிறு பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது.

பேதுரு பீடியைப் பற்றவைத்தார்.

"ஆறுதலாக் குடி, பேதுரு," என்றார் ஹாஜியார் கதிரையிலிருந்து. "என்ன அவசரம்?"

"இழுங்க, அண்ணன்," என்றாள் ஸுல்பிகா. "நல்லா இழுங்க."

பேதுரு இரண்டு பேரையும் பார்த்தார். நடுவராக இருப்பதில் இப்படி ஒரு சுகம் இருக்கிறது என்று அவருக்கு இதுவரை தெரியாது. ஒரு இழுப்பு இழுத்து, புகையைக் கயிற்றின் பக்கம் விட்டார். பீடி நடுவில் அணைந்தது. சனம் பெருமூச்சு விட்டது. மறுபடி பற்றவைத்தார். மூட்டைகள் வலைக்குள் மெல்லச் சுழன்றன. ஒவ்வொரு மூட்டையிலும் அச்சடித்த 'ஐம்பது கிலோ' என்ற எழுத்து சனத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டு வந்தது.

பீடி விரலைச் சுட்டது. பேதுரு அதைக் கீழே போட்டு மிதித்தார்.

"கயிறு வெண்டிட்டுது."

மஸாஹிர் கண்ணைத் திறந்தான். பள்ளியிலிருந்து வந்த சனம் கால்பந்து மைதானத்துச் சத்தம் போட்டது. ஹாஜியார் கதிரையை விட்டுக் குதித்தெழுந்தார், முதுகைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னொரு மூட்டை போடு. அஞ்சாவதையும் போடு."

"பேச்சு நாலுதானே, ஹாஜியார்."

"நாலு எண்டாலும் இது இருநூறு இல்ல..."

சத்தம் சட்டென்று அடங்கிற்று.

"என்ன இல்ல, ஹாஜியார்?" என்றார் பேதுரு.

ஹாஜியார் சுற்றிலும் பார்த்தார். சிலாபத்து லொறிக்காரன் நின்றான். மூன்று தேத்தண்ணீர்க் கடைக்காரர், இரண்டு பேக்கரிக்காரர், கருவாட்டு ஆட்கள் ஒரு கூட்டம். எல்லாரும் அவர் உப்பைத் தின்றவர்கள்.

"இருநூறு... இல்லாமலா போகும் எண்டு சொல்ல வந்தன்," என்றார் ஹாஜியார். "நல்ல கயிறு. மாஷா அல்லாஹ். றஸீன், நைலோனைக் கழட்டு."

அவ்வளவு லேசாக அவர் தோற்பார் என்று ஸுல்பிகா நினைக்கவேயில்லை. தகராறு செய்வார், இரண்டு நாள் இழுப்பார் என்று எண்ணியிருந்தாள். மனுஷன் தானே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்று, தும்புக் கயிற்றை வாசலில் தொங்கவிட்டார். பேதுரு சங்கத்துக்கு வேண்டிய முழுக் கயிற்றையும் அவளிடமே எடுப்பதாகச் சனத்துக்கு முன்னால் சொன்னார். "புத்தளத்துப் புள்ளைதானே, பின்ன என்ன," என்று யாரோ பெருமைப்பட்டுக்கொண்டார்கள். அது யார் என்று பார்க்க ஸுல்பிகா திரும்பினாள். கண்டுபிடிக்க முடியவில்லை.

சனிக்கிழமை காலையில் அவள் முற்றத்தில் ஒரு பலகையை நிறுத்திவைத்து, சிவப்புப் பெயின்ரில் எழுதிக்கொண்டிருந்தாள். மஸாஹிர் பெயின்ற் ரின்னைப் பிடித்திருந்தான்.

"கேனில அறுந்தது மூட்டையில எப்படி அறாம நிண்டது?" என்றான். நேற்றிலிருந்து அவன் கேட்கும் ஒரே கேள்வி அது.

"ரெண்டு நாள் உலர்ந்து இறுகியிருக்கும். களப்புக் காத்தும் பட்டது."

"களப்புக் காத்து இங்கயும்தானே வருது?"

"ரோஷம்," என்றாள் ஸுல்பிகா. "தும்புக்கும் ரோஷம் இரிக்கு. ரின்னை நேராப் பிடியுங்க."

பலகையில் 'ஸுல்பிகா தும்புக் கயிறு, இருநூறு கிலோ' வரைக்கும் வந்திருந்தது. 'தாங்கும்' இன்னும் எழுதவில்லை. அப்போது படலையைத் திறந்துகொண்டு ஸுஹைரா மாமி வந்தார்.

"கிடாரத்தை எடுத்துக்கொண்டு போக வந்தன், மகள்."

ஸுல்பிகாவின் கை நின்றது. ஹாஜியாரை எதிர்த்து நின்ற வீரம் எல்லாம் ஒரு கிடாரத்துக்கு முன்னால் கரைந்துபோயிற்று. உள்ளே போய் அதைத் தூக்கிக்கொண்டு வந்து, ஓட்டை தரையைப் பார்க்கும்படி வைத்தாள். பிறகு தானே அதைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"மாமி, என்ட பிழைதான். மருந்து அலுமினியத்தைத் திண்டுட்டுது. புதுசு ஒண்டு வாங்கித் தாறன்."

மாமி கிடாரத்தைத் தூக்கி, ஓட்டை வழியாக ஒரு கண்ணை வைத்து வேப்பமரத்தைப் பார்த்தார். ஸுல்பிகாவைப் பார்த்தார். பலகையில் எழுதியிருந்ததையும் அதே ஓட்டை வழியாகப் படித்தார்.

"கிடாரம் கிடக்கட்டும். வீட்டில ஒரு மனுஷன் முதுகை நிமித்த ஏலாமக் குப்புறக் கிடக்கிறார். வியாழக்கிழமை தனியாக் கடையைப் பூட்டிக்கொண்டு மூட்டை கட்டினவர்."

"கட்டினதுக்குத்தான் கிடைச்சது, மாமி," என்றாள் ஸுல்பிகா. மரியாதையும் குறையவில்லை, காரமும் குறையவில்லை. "என்ட கயித்தை அறுக்க எண்டு கூட்டிக் கட்டினா முதுகு பிடிக்காம என்ன செய்யும்?"

மாமி கிடாரத்தைத் தலைகீழாக வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். சிரிக்கிறாரா மூச்சு வாங்குகிறாரா என்று முதலில் தெரியவில்லை.

"கூட்டிக் கட்டல்ல, மகள். நெறுத்துக் கட்டினார். அவர்ட வாப்பா காலத்தில உப்பு வடிஞ்சு எப்படியும் குறையும் எண்டு சாட்டுச் சொல்லி ஒரு கிலோ குறைச்சுக் கட்டினாங்க. இவர்ட காலத்தில அது ஆறாப் போச்சு. அந்தக் கடையில அம்பது கிலோ சரியா இரிந்த மூட்டையே அந்த நாலும்தான், நீ கள்ள மூட்டை எண்டு தள்ளிவிட்டதும் அதைத்தான். நீ தொட்டுக் காட்டின நாலும் நாப்பத்திநாலு. நாலு நாப்பத்திநாலு நூத்தியெழுபத்தாறு. உன்ட கயிறு இன்னும் இருபத்துநாலு கிலோ கடன், மகள், ஆனா அதைக் கேட்டு வர எங்கட மனுஷனுக்கு வாயில்ல."